கொந்தராத்துக்காரரிடம் எந்தப் பத்திரம் இருக்க வேண்டும்? யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுவோருக்கும் கட்டிக் கொடுப்போருக்கும்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு வேலை தொடங்கும்போது, அதிலும் காசு கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வரும்போது, தொலைபேசியில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "அந்தக் கொந்தராத்துக்காரரிட்ட லைசென்ஸ் இருக்கோ?" இங்கே நிற்பவருக்கு என்ன சொல்வதென்று தெரியாது. மேசனிடம் கேட்டால், "முப்பது வருசமா இந்த வேலைதான் அண்ணை செய்யிறன்" என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த ஊரின் நடைமுறைக்கு அந்தக் கேள்வி அப்படியே பொருந்தாது.

டொரன்டோவில் வீடு திருத்தும் வேலை எடுப்பவர் மாநகரத்திடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வயரிங் வேலை எடுப்பவருக்கு ஒன்ராறியோ மாகாணத்தின் உரிமம் தனியாக வேண்டும். அந்த முறைக்குப் பழகியவர்கள், யாழ்ப்பாணம் மாநகர சபையும் மேசன்மாருக்கு இப்படியொரு அட்டை கொடுக்கும் என்று நினைப்பது இயல்புதான். இங்கே சபை எதுவும் மேசனின் திறமையைச் சோதித்து உரிமம் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாகப் பல பத்திரங்கள் இருக்கின்றன. ஒன்று கட்டடத்துக்கு, ஒன்று வியாபாரத்துக்கு, ஒன்று நிறுவனத்தின் கொள்ளளவுக்கு, அதாவது அது எவ்வளவு பெரிய வேலையை எடுக்கலாம் என்பதற்கு, ஒன்று ஆளின் கைத்திறனுக்கு. ஒவ்வொன்றையும் கொடுப்பது வேறு வேறு அலுவலகம். ஒன்றைக் காட்டிவிட்டு மற்றதும் இருக்கிறது என்று நம்ப வைப்பதும், அறியாமல் நம்புவதும் இங்கே நிறையவே நடக்கிறது. ஆகவே "லைசென்ஸ் இருக்கா" என்று பொதுவாகக் கேட்பதை விட்டு, "என்ன வேலைக்கு, யார் கொடுத்தது, எந்தத் திகதி வரைக்கும்" என்று கேட்கப் பழகுவது நல்லது.

பிளான் பாஸ் பண்ணுவது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "எல்லாம் பாஸ் பண்ணியாச்சு, பயப்பிடாதேங்கோ" என்று கொந்தராத்துக்காரர் சொன்னால், அவர் பெரும்பாலும் கட்டட அனுமதியைத்தான் சொல்கிறார். அது அவருடைய உரிமம் இல்லை. உங்கள் வளவில் இன்ன வரைபடத்தின்படி கட்டலாம் என்று காணி உரிமையாளரான உங்களுக்குச் சபை கொடுக்கும் அனுமதி. கொந்தராத்துக்காரரை மாற்றினாலும் அது உங்களோடேயே இருக்கும். அதை மீறிக் கட்டினாலும் அறிவித்தல் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி சபைகள் உள்ளன: யாழ்ப்பாணம் மாநகர சபை, சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை நகர சபைகள், பிறகு நல்லூரில் இருந்து நெடுந்தீவு வரை 13 பிரதேச சபைகள். உங்கள் காணி எந்தச் சபையின் எல்லைக்குள் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். நகரத்தை ஒட்டிய சில தெருக்களில் ஒரு பக்கம் மாநகர சபைக்கும் மறுபக்கம் நல்லூர்ப் பிரதேச சபைக்கும் உரியதாக இருக்கும். ஆதனவரி, அதாவது சோலைவரி, எங்கே கட்டுகிறீர்களோ அந்தச் சபைதான்.

இந்த அனுமதிக்கு இரண்டு சட்டங்கள் அடிப்படை. ஒன்று 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். நூறு வருடத்துக்கு மேற்பட்டது, இன்றும் நடைமுறையில் உள்ளது. மற்றது 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம். நகர அபிவிருத்திப் பகுதி என்று பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் இரண்டாவது சட்டத்தின் ஒழுங்குவிதிகளும் பார்க்கப்படும். அந்த ஒழுங்குவிதிகள் 2021இல் புதிதாக வர்த்தமானியில் வந்தன. காணி உறுதி, நில அளவைப் படம், தகுதியுள்ளவர் கையொப்பமிட்ட வீட்டுப் பிளான் எல்லாம் சேர்த்து விண்ணப்பித்தால், சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து இடத்தைப் பார்ப்பார். மதில் கட்டுவதற்கும் அனுமதி எடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. மதில் தெருவுக்குள் வந்துவிட்டால், கட்டியதை இடிக்கச் சொல்லும் கடிதம்தான் வரும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையும் இதற்குள் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இதை ஒரு சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் குடிநீர் சுண்ணாம்புக்கல் படுகைக்குள் நிற்கும் நிலத்தடி நீர். அந்தக் கல்லுக்குள் வெடிப்பும் துவாரமுமாக இருப்பதால், மலக்குழியில் இருந்து ஊறுவது கிணற்றுக்கு எளிதில் வந்துவிடும். உங்கள் மலக்குழி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பது மட்டும் போதாது, பக்கத்து வளவின் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதும் அதே அளவு முக்கியம். இரண்டு பரப்புக் காணியில் நெருக்கிக் கட்டும் இந்தக் காலத்தில், பிளானில் ஓரிடத்தில் காட்டிய குழியை "இஞ்சை வெட்டினா வசதி" என்று கொந்தராத்துக்காரர் நகர்த்தினால் உடனே மறியுங்கள்.

அனுமதி ஒரு வருடத்துக்குச் செல்லும். அதற்குள் வேலை முடியாவிட்டால் நீடிப்புக் கேட்க வேண்டும். முடிந்த பிறகு, பிளானில் உள்ளபடிதான் கட்டப்பட்டது என்று சபை கொடுக்கும் இணக்கச் சான்றிதழ் இருக்கிறது. எல்லோரும் சிஓசி என்பார்கள். குடிபூரல் முடிந்த கையோடு இதை மறந்துவிடுகிறவர்கள், பத்து வருடம் கழித்து வங்கிக்கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போது அலைகிறார்கள். கொந்தராத்துக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்க முன்னர் இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். பிளானுக்கு மாறாக ஏதாவது நடந்திருந்தால் அதைத் திருத்துவிக்க உங்கள் கையில் அப்போதுதான் பிடி இருக்கும்.

வியாபாரப் பதிவு

ஒருவர் தன் முழுப்பெயரில் தொழில் செய்தால் வணிகப் பெயர்ப் பதிவு தேவையில்லை. "இன்னார் கொன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று பெயர்ப்பலகை வைத்தால் தேவை. பிரதேச செயலகத்தில் செய்யலாம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும். ஊரில் இன்னும் விதானையார் என்று சொல்கிறோமே, அவர்தான். கம்பனியாகப் பதிவதானால் அது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் வரும். ஓடாவிப் பட்டறை, வெல்டிங் கடை, கல் அரியும் இடம் என்று நிலையான இடம் இருந்தால் சபையின் வியாபார அனுமதிப்பத்திரமும் வேண்டும். அது வருடா வருடம் புதுப்பிக்கிற ஒன்று.

இந்தப் பதிவுகள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இப்படி ஒரு வியாபாரம் இருக்கிறது, அதன் சொந்தக்காரர் இவர். பிரச்சினை வந்தால் யாரைத் தேடுவது என்பது தெரியும். அவருக்குக் கம்பி கட்டத் தெரியுமா, தளம் போடத் தெரியுமா என்று இதில் யாரும் பார்க்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் தொங்கவிட்ட வணிகப் பெயர்ச் சான்றிதழைப் பார்த்து "அரசாங்கத்தில பதிஞ்ச ஆள்" என்று முற்பணம் கொடுப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

சீடா பதிவு

ஒரு நிறுவனத்தின் கொள்ளளவைச் சொல்லும் பத்திரம் இதுதான். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை என்பது முழுப்பெயர், தொழிலில் இருப்பவர்கள் சீடா என்பார்கள். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. அதற்கு முன்னர் இக்டாட் என்ற பெயரில் இருந்தது, மூத்த கொந்தராத்துக்காரர்கள் இன்னும் "இக்டாட் கிரேட்" என்றுதான் சொல்வார்கள். இரண்டும் வேறு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

சீடாவில் ஒப்பந்தகாரர்கள் தரம் பிரித்துப் பதியப்படுகிறார்கள். சி1 முதல் சி9 வரை தரங்கள். எண் குறையக் குறைய நிறுவனம் பெரியது. சி1க்கும் மேலே சிஎஸ்1, சிஎஸ்2 என்று இரண்டு. ஒவ்வொரு தரத்துக்கும் எவ்வளவு பெறுமதி வரையான வேலையை எடுக்கலாம் என்று ஒரு உச்சவரம்பு உண்டு. அந்த ரூபாக் கணக்கு விலைவாசியோடு திருத்தப்படுவதால், பழைய தாளைப் பார்க்காமல் சீடாவிடமே அன்றைய அளவைக் கேளுங்கள்.

தரத்தோடு துறையையும் பார்க்க வேண்டும். கட்டடம், நெடுஞ்சாலை, பாலம், நீர் வழங்கல், நீர்ப்பாசனம் என்று துறைகள் தனித்தனி. மோட்டார் சைக்கிளுக்கு எடுத்த சாரதி அனுமதிப்பத்திரத்தோடு பஸ் ஓட்ட முடியாது. அதுபோல வீதி வேலையில் உயர்ந்த தரம் எடுத்தவருக்கு மாடிக்கட்டடத்தில் அதே தரம் இருக்கும் என்பதில்லை. மின்சாரம், இயந்திரம் சார்ந்த வேலைகளுக்கு ஈஎம் என்று வேறு வரிசை. சிறப்பு வேலைகளுக்கு எஸ்பி வரிசை. சான்றிதழைக் கையில் வாங்கினால் நான்கு இடங்களைப் பாருங்கள்: பெயர் நீங்கள் ஒப்பந்தம் எழுதப்போகிற அதே பெயரா, துறை எது, தரம் எது, காலாவதித் திகதி எப்போது. "என்ர மச்சானின்ர சி5, அதில செய்வம்" என்று யாராவது சொன்னால், உங்களோடு ஒப்பந்தம் செய்பவர் யார் என்பதே தெளிவில்லாமல் போய்விடும். வேலை பிழைத்தால் மச்சானும் வரமாட்டார், அவரும் வரமாட்டார்.

தரம் கொடுக்கும்போது சீடா பார்ப்பவை: வியாபாரப் பதிவு, நிதி நிலை, தொழில்நுட்ப ஆளணி, உபகரணங்கள், முடித்த வேலைகள். யாழ்ப்பாணத்து மேசன்மாருக்குத் தடை வருவது கடைசியாகச் சொன்ன முடித்த வேலைகளில்தான். வேலை செய்தது உண்மை, அதை எழுத்தில் காட்ட எதுவும் இல்லை.

சாதாரண வீட்டுக்குச் சீடா பதிவு உள்ளவர்தான் வேண்டுமா? இல்லை. சட்டம் கட்டாயப் பதிவைப் பேசுவது, அது வரையறுத்து அறிவிக்கும் நிர்மாண வேலைகளுக்கு. ஊரில் பெரும்பாலான வீடுகளை மேசன்மார்தான் கட்டுகிறார்கள், நன்றாகவும் கட்டுகிறார்கள். மூன்று மாடி, கடைத்தொகுதி, திருமண மண்டபம் என்று போகும்போது என் அபிப்பிராயத்தில் பதிவில்லாதவரிடம் போகக் கூடாது. அங்கே பிழை என்பது சுவரில் வரும் வெடிப்போடு நிற்காது.

அரசாங்க வேலை என்றால் கதையே வேறு. பாடசாலைக் கட்டடம், சந்தை, உள்வீதி என்று கேள்வி அறிவித்தல், அதாவது டெண்டர், வந்தால், எந்தத் துறையில் எந்தத் தரம் வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். அதோடு 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ் தனிப் பதிவும் வேண்டும். சின்ன வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஊடாகச் செய்விக்கும் வழி இருக்கிறது. தரம் இல்லாத நல்ல மேசன்மாருக்கு அரசாங்க வேலையின் வாசல் பெரும்பாலும் அதுதான்.

வயரிங் செய்பவர்

எல்லாவற்றிலும் நான் கறாராக இருக்கச் சொல்வது இதில். பூச்சுப் பிழைத்தால் உதிரும், வயரிங் பிழைத்தால் ஆள் போய்விடும். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். கிணற்றடியில் மோட்டர், ஈரக் கால், துருப்பிடித்த குழாய் என்று யாழ்ப்பாணத்து வீட்டின் அன்றாடமே மின்சாரத்துக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது.

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்னிணைப்பாளர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. தனி ஆளின் தொழிலுக்கு உரிமம் என்று சொல்லத்தக்க ஒன்று இங்கே உண்டென்றால் அது இதுதான். இதற்கு அடிப்படைத் தகுதி தேசிய தொழிற்றகைமையில், அதாவது என்.வீ.கியூவில், மூன்றாம் மட்டம். ஆகவே வயரிங் செய்ய வருபவரிடம் "தம்பி, என்.வீ.கியூ எத்தினை? ஆணைக்குழுவின்ர அட்டை இருக்கோ?" என்று கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எடுத்தவர் பெருமையாகக் காட்டுவார்.

அட்டையைப் பார்த்ததோடு விடாமல், வேலை முடிந்த அன்று பக்கத்தில் நின்று பாருங்கள். மின் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற ட்ரிப் சுவிட்சில் ஒரு சின்னச் சோதனைப் பொத்தான் இருக்கும், அதை அமர்த்தினால் டக்கென்று விழ வேண்டும். வீட்டுக்குப் போடுவது 30 மில்லி அம்பியரில் விழுகிற வகையா என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். பொத்தான் வேலை செய்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அது சுவிட்சின் உள்பொறியை மட்டும்தான் சோதிக்கிறது, நிலக்கம்பி சரியா என்பதைச் சொல்லாது. அதற்கு மீற்றர் வைத்து எர்த் அளக்க வேண்டும். வயர்களின் காப்பைச் சோதிக்க மெகர் என்ற கருவி வேண்டும். நம் மண் கோடையில் காய்ந்து போகும், சில இடங்களில் இரண்டடிக்குள் கல் வந்துவிடும். எர்த் கம்பி கல்லில் முட்டியதும் மிச்சத்தை வெட்டிவிட்டு மண்ணைப் போட்டு மூடிவிட்டால் மேலே பார்க்க எல்லாம் சரியாகத்தான் தெரியும். அளந்து காட்டச் சொன்னால் உண்மை வெளிவரும். புதிய மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது சோதனை அறிக்கை கேட்பார்கள். அந்த அறிக்கையில் இருக்கும் இலக்கங்கள் உங்கள் வீட்டில் அளந்து எழுதியவையாக இருக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்கி நிரப்பியதாக இருக்கக் கூடாது.

வேலையாட்கள்

கொந்தராத்துக்காரர் ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். அவர் பங்கு 12 வீதம், வேலையாளின் பங்கு 8 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அதையும் கொந்தராத்துக்காரர்தான் கட்ட வேண்டும். நாட்கூலி என்பதால் விதிவிலக்கு இல்லை. சாரத்தில் இருந்து விழுந்தால் நட்டஈடு கொடுப்பதற்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வீட்டு வேலைகளில் இவை பெரும்பாலும் பேச்சுக்கே வருவதில்லை. ஒருவர் விழுந்து முதுகெலும்பு முறிந்த பிறகு, கொந்தராத்துக்காரர் வீட்டுக்காரரைக் காட்டுவார், வீட்டுக்காரர் கொந்தராத்துக்காரரைக் காட்டுவார், அந்தக் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். வேலை தொடங்க முன்னரே, விபத்து நடந்தால் யார் பொறுப்பு, காப்புறுதி இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

மணலைப் பற்றியும் ஒரு சொல். மணல் அகழ்வதற்கும் ஏற்றிப் போவதற்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரவில் மலிவாக வந்து கொட்டுகிற மணலுக்கு அது இருக்காது.

பத்திரம் இல்லாத திறமை

போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்து, பயனாளிகளே மேசனைப் பிடித்துக் கட்டும் முறை இருந்தது. வடக்கில் ஆயிரக்கணக்கான வீடுகள் அப்படி எழுந்தன. அவற்றைக் கட்டிய கைகள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. ஆனால் இன்று பெரிய வேலை ஒன்று வந்தால், தரம் உள்ள வெளி நிறுவனம் அதை எடுத்து, அதே மேசன்மாரை நாட்கூலிக்கு நிறுத்துகிறது. வேலை தெரிந்தவர் கூலியாகவும் பத்திரம் வைத்திருப்பவர் முதலாளியாகவும் நிற்பது எனக்குப் பொறுக்காத விஷயம். மாற்ற முடியாத நிலை அல்ல இது.

சரி, முப்பது வருடம் வேலை செய்த ஒரு மேசன் எங்கே தொடங்குவது? வகுப்பில் போய் இருக்கத் தேவையில்லை. முன் அனுபவத்தை மதிப்பிட்டே என்.வீ.கியூ கொடுக்கும் வழி இருக்கிறது. நைட்டா என்று சொல்லும் தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை அந்த மதிப்பீட்டைச் செய்கிறது. செய்த வேலைகளின் படங்கள், கடிதங்கள் முதலியவற்றைச் சேர்த்துக் கோவையாகக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், வேலையைச் செய்து காட்டச் சொல்வார். மட்டம் பிடிக்கத் தெரிந்தவருக்கு அதில் பயப்பட எதுவும் இல்லை. எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கோவையைச் சேர்க்கத்தான் துணை வேண்டும். வீட்டில் படிக்கிற பிள்ளை ஒரு பின்னேரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. இளையவர்கள் யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியிலோ கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலோ முழுநேரமாகவே படித்து என்.வீ.கியூ எடுக்கலாம். அடுத்தது சீடாவின் கைவினைஞர் அடையாள அட்டை, தனி ஆளுக்கு உரியது. அதன் பிறகு வணிகப் பெயரைப் பதிந்து, கணக்கு வழக்கை வங்கி ஊடாக நடத்தத் தொடங்கினால், சி9 விண்ணப்பம் கைக்கெட்டும் தூரம்தான்.

இதில் வீட்டுக்காரர் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டை நன்றாகக் கட்டித் தந்தவருக்கு, என்ன வேலை, எந்த முகவரியில், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, பெறுமதி எவ்வளவு என்று எழுதி, கையொப்பமும் திகதியும் வைத்து ஒரு கடிதம் கொடுங்கள். அத்திவாரம், தளத்துக்குக் கம்பி கட்டிய நிலை, முடிந்த வீடு என்று நீங்கள் தொலைபேசியில் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிய படங்களையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.